ஹசார்ட், ரிஸ்க், டேஞ்சர்: எல்லாம் ஆபத்துதானே?

மார்ச் 3
ஒரு வாசகரின் கேள்வி:
"சேஃப்டி கோர்ஸ் படிக்கிறேன். ஹசார்ட், ரிஸ்க், டேஞ்சர் மூன்றுக்கும் அகராதியில் ஆபத்து என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை எழுதினால் மார்க் போகிறது. பொருள் ஒன்றுதானே, எதற்கு இந்தப் பாடு? வெள்ளைக்காரன் ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?"

மார்ச் 3, இரவு
பொருள் ஒன்று இல்லை தம்பி. அகராதிக்காரர் இடம் மிச்சம் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் நான் சேஃப்டி கோஆர்டினேட்டர். காலையில் வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு, அதாவது டூல்பாக்ஸ் மீட்டிங், தமிழில், சாயங்காலம் ரிப்போர்ட் ஆங்கிலத்தில். இந்த மூன்று சொல்லும் சோறு போடுகிற சொற்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாலாவது மாடித் தளத்தில் பைப் இறக்குவதற்கு ஓட்டை வெட்டியிருக்கிறார்கள், மூடவில்லை. அந்த ஓட்டை ஹசார்ட். அந்தப் பக்கம் ஓர் ஆள்கூடப் போகாவிட்டாலும் ஹசார்ட்தான், ஏனென்றால் ஆளைக் காயப்படுத்தும் சக்தி அதற்கு இருக்கிறது. ரிஸ்க் என்பது கணக்கு. விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எவ்வளவு அடி, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. பூட்டிய ஸ்டோர் ரூமுக்குள் ஓர் ஓட்டை, கேன்டீனுக்குப் போகிற வழியில் அதே அளவில் இன்னோர் ஓட்டை. ஹசார்ட் ஒன்றே, ரிஸ்க் வேறு வேறு. மேலே பிளைவுட் போட்டு, நகராமல் ஆணி அடித்து, சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்தால் ரிஸ்க் குறையும். பிளைவுட்டுக்குக் கீழே ஹசார்ட் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். கான்கிரீட் ஊற்றி அடைத்தால்தான் ஹசார்டே போகும்.

டேஞ்சர்? ஓட்டையின் விளிம்பில், முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான். அவன்தான் இன் டேஞ்சர். அவனிடம் போய் ரிஸ்க் மேட்ரிக்ஸ், அதாவது ரிஸ்க் கணக்குப் போடும் கட்டம், விளக்க நேரமில்லை, பின்னாலிருந்து கத்தவும் கூடாது, திடுக்கிட்டுக் காலை வைத்துவிடுவான். மெதுவாகப் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்து இழுக்க வேண்டும்.

2006இல் பழைய ஃபாக்டரீஸ் ஆக்ட் போய், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ரிஸ்க் மேனேஜ்மென்ட் விதிகளும் வந்தன. அந்த விதிகளுக்காக நிரப்பும் படிவத்தில் ஹசார்டுக்கு ஒரு கட்டம், ரிஸ்க்குக்கு வேறு கட்டம். மாற்றி எழுதினால் மார்க் வெட்டாமல் என்ன செய்வார்கள்?

மார்ச் 4
விட்டுப்போனது. பொருளைக் கேட்காமல் கூட்டாளியைக் கேளுங்கள். இன் டேஞ்சர் உண்டு, அட் ரிஸ்க் உண்டு. இன் ஹசார்ட் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. டேக் எ ரிஸ்க் உண்டு, டேக் எ டேஞ்சர் கிடையாது. ரிஸ்க்கை மனுஷன் தெரிந்தே எடுக்கலாம், டேஞ்சரில் மாட்டத்தான் முடியும். ஒரு சொல் எந்தச் சொல்லோடு ஒட்டும், எதோடு ஒட்டாது என்று பார்த்தாலே பாதி வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

மார்ச் 5
ஜூரோங்கில் இருக்கும் அக்கா ஒருவர் மடக்குகிறார்: "ஹசார்ட் என்பதே பகடை ஆட்டம், வாய்ப்பைத்தான் குறித்தது. நீங்கள் வாய்ப்பு ரிஸ்க்கில் மட்டும் என்கிறீர்கள்."

உண்மைதான் அக்கா. இடைக்கால இங்கிலாந்தில் ஹசார்ட் என்று ஒரு பகடை ஆட்டமே இருந்தது. பிரெஞ்சில் இன்றைக்கும் 'பார் அசார்' என்றால் தற்செயலாக என்று அர்த்தம். அதிர்ஷ்டத்தைக் குறித்த சொல், இன்றைக்கு சைட்டில் அதிர்ஷ்டக் கணக்கைச் சேர்க்காத சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. டேஞ்சர் கதை இதைவிட வேடிக்கை. பழைய பிரெஞ்சில் அது பிரபுவின் அதிகாரம். லத்தீனில் எஜமானைக் குறிக்கும் டோமினஸ் வழியாக வந்தது. ஒருவரின் டேஞ்சரில் இருக்கிறான் என்றால் அவர் பிடியில் இருக்கிறான் என்று பொருள். எங்கள் மேனேஜர் சைட்டுக்கு வரும் நாள்களில் இந்தப் பழைய பொருள் எனக்கு நன்றாகவே விளங்கும்.

ஆனால் சொல்லின் பூர்வீகம் பேச்சுக்கு ருசி, தேர்ந்தெடுக்க உதவாது. பகடையை நினைத்துக்கொண்டு படிவம் நிரப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மார்ச் 8
இன்று ஸ்டோரில் பெயின்ட் தின்னர் டின்களை அடுக்கும்போது லேபிளைப் படித்தேன். ஒரு டின்னில் 'டேஞ்சர்', பக்கத்து டின்னில் 'வார்னிங்'. இரண்டிலும் அதே தீச்சுடர்ப் படம். பையன்கள் கேட்டார்கள், "அண்ணே, கம்பெனி வேறங்கிறதால வேற வேற வார்த்தையா?"

கம்பெனி காரணமே இல்லை. ஜிஎச்எஸ் என்ற உலகப் பொது முறையில் ரசாயன லேபிளுக்கு எச்சரிக்கைச் சொல் இரண்டே இரண்டு. கடுமையானதற்கு டேஞ்சர், அதற்குக் கீழ் வார்னிங். எரியும் திரவத்தில் கோடு எங்கே விழுகிறது தெரியுமா? தீப்பற்றக்கூடிய ஆவி கிளம்பும் வெப்பநிலை, அதாவது ஃபிளாஷ் பாயின்ட், 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் 'ஹைலி ஃபிளேமபிள்', டேஞ்சர். கொதிநிலையும் 35 டிகிரிக்குள் இருந்துவிட்டால் இன்னும் ஒரு படி மேலே, 'எக்ஸ்ட்ரீம்லி'. 23லிருந்து 60 வரை வெறும் 'ஃபிளேமபிள்', வார்னிங். நம் ஊர் ஸ்டோரில் மத்தியானம் 32 டிகிரி. டேஞ்சர் டின்னைத் திறந்தால் பற்றக்கூடிய ஆவி தயாராக நிற்கிறது என்று அர்த்தம். இதைச் சொன்ன பிறகுதான் சிகரெட் பாக்கெட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொண்டுபோய் லாக்கரில் வைத்தான் ஒருத்தன்.

விஷத்துக்கும் இப்படித்தான் படி உண்டு. விழுங்கினால் 'ஃபேட்டல்', அதற்குக் கீழே 'டாக்ஸிக்', அதற்கும் கீழே 'ஹார்ம்ஃபுல்'. அகராதியில் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் சொற்கள். லேபிளில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண் நிற்கிறது.

அமெரிக்க இயந்திரங்களில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வேறு முறை. அங்கே டேஞ்சர் என்றால் தவிர்க்காவிட்டால் சாவு அல்லது பலத்த காயம் நிச்சயம். வார்னிங் என்றால் அதே சாவு நேரலாம். காஷன் என்றால் சின்ன, நடுத்தரக் காயம் நேரலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 8, இரவு
"இன்ஃபிளேமபிள் என்றால் எரியாது என்றுதானே அர்த்தம்?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எரியும். ஃபிளேமபிளும் இன்ஃபிளேமபிளும் அச்சு அசல் ஒன்றே. முன்னால் ஒட்டியிருக்கும் 'இன்', எதிர்மறை இன் இல்லை, 'உள்ளே' என்கிற இன். நீங்கள் நினைத்தது போலவே நிறையப் பேர் நினைத்ததால்தான் தீப்பாதுகாப்புக்காரர்கள் அந்தச் சொல்லையே பலகையிலிருந்து இறக்கினார்கள். எரியாததற்கு 'நான்-ஃபிளேமபிள்'. நுண்ணிய வித்தியாசம் தேடி அலைகிறவர்களுக்கு இந்த ஜோடியில் ஒன்றும் கிடைக்காது.

மார்ச் 9
ரிஸ்க் கணக்கு என்றேன், அந்தக் கணக்கிலேயே ஓர் உறுத்தல். ரிஸ்க் மேட்ரிக்ஸின் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் வாய்ப்பின் படிகள்: ரேர், ரிமோட், அகேஷனல், ஃப்ரீக்குவன்ட், ஆல்மோஸ்ட் சர்ட்டன். ரேர் 1, ரிமோட் 2.

காதுக்கு இது எனக்குத் தலைகீழ். ரேர் என்றால் எப்போதாவது நடக்கிறது, ஆனால் நடக்கத்தான் செய்கிறது. ரேர் நோய் என்றால் எங்கோ யாருக்கோ அந்த நோய் இருக்கிறது. ரிமோட் சான்ஸ் என்றால் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிற வாய்ப்பு. என்னைக் கேட்டால் ரிமோட்தான் 1. ஆனால் கேட்கவில்லை. படிவம் சொல்லுக்கு எண் கொடுத்துவிட்டால் எண்தான் பேசும். கூட்டாளியைப் பார் என்று 4ஆம் தேதி எழுதிய சூத்திரம் இங்கே செல்லாது. வரையறுத்த இடத்தில் வரையறைதான் ராஜா, மற்ற இடத்தில் காது.

மார்ச் 13
புதுப் பையன் எழுதிய ரிப்போர்ட்: 'ஐ சென்ட் ஹிம் டு த கிளினிக்.'

கூப்பிட்டுக் கேட்டேன். "அனுப்பி வச்சியா, கூட்டிட்டுப் போனியா?"
"கூட்டிட்டுத்தான் போனேன்ணே. லாரியில நானும் போனேன்."
"அப்ப டுக் போடு."
"இங்க எல்லாரும் சென்ட்டுன்னுதானே சொல்றாங்க?"

சொல்கிறார்கள், அதுதான் சிக்கல். பிள்ளையை ஸ்கூலுக்கு சென்ட் பண்ணுவது, மாமியாரை ஏர்போர்ட்டுக்கு சென்ட் பண்ணுவது, சாயங்காலம் ஃபெட்ச் பண்ணுவது, எல்லாம் இந்தத் தீவின் ஆங்கிலம். மலாயில் ஹந்தார் என்றாலும் மாண்டரினில் ஸோங் என்றாலும் பார்சலையும் அனுப்பலாம், ஆளையும் கொண்டுபோய் விடலாம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் இறங்கிவிட்டது. காப்பிக் கடைப் பேச்சில் யாருக்கும் நஷ்டமில்லை. விபத்து ரிப்போர்ட்டில் அப்படி விட முடியாது. தலையில் அடிபட்டவனைத் தனியாக டாக்ஸியில் ஏற்றிவிட்டாயா, கூடவே போனாயா என்பது அங்கே முதல் கேள்வி. 'சென்ட்' என்று இருந்தால் வெளியூர் இன்ஷூரன்ஸ்காரர் தனியாக அனுப்பினான் என்றே படிப்பார்.

நமக்கு இதில் தடுமாற்றமே வரக்கூடாது. அனுப்பினேன், கூட்டிக்கொண்டு போனேன், கொண்டுபோய் விட்டேன், ஏற்றிவிட்டேன் என்று தமிழில் நாலும் நாலு காரியம். மனசுக்குள் தமிழில் எது வருகிறதோ அதற்கேற்ற ஆங்கிலச் சொல்லை எடுத்தால் போதும்.

இங்கே ஆம்புலன்ஸ் ஓட்டும் குடிமைத் தற்காப்புப் படையின் செய்தியில் பார்த்திருப்பீர்கள், எப்போதும் 'கன்வேய்ட் டு ஹாஸ்பிட்டல்'. டேக்கனின் சீருடை போட்ட அண்ணன். ஆம்புலன்ஸ்காரர் எழுதினால் பொருத்தம். நம் பையன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை கன்வேய்ட் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

மார்ச் 14
அப்படியே ப்ரிங், டேக். 'ஐ ப்ரிங் மை மதர் டு பாலிகிளினிக்' என்று இங்கே கேட்காத நாளில்லை. மலாயில் பாவா, மாண்டரினில் டாய், இரண்டுமே போக்கு வரத்து பார்ப்பதில்லை. பொது ஆங்கிலம் பார்க்கும். பேசுகிறவரை அல்லது கேட்கிறவரை நோக்கி வந்தால் ப்ரிங், விலகிப் போனால் டேக்.

இதே கணக்கைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் போட்டு வைத்திருக்கிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், அதாவது எனக்கும் உனக்கும். செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். 'ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ்' என்பதில் கோ வராமல் கம் வருவதும் 'உங்கள் வீட்டுக்கு வருகிறேன்' என்பதும் ஒரே தர்க்கம்.

இன்னோர் இடத்தில் அதே நூல் ஈ, தா, கொடு மூன்றையும் பிரிக்கிறது. மூன்றும் கேட்கிற சொல்தான். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் 'ஈ' என்பான், சமமானவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். பொருளில் ஒரு குன்றிமணி வித்தியாசம் கிடையாது, வித்தியாசம் முழுக்க யார் வாயிலிருந்து வருகிறது என்பதில். ஆங்கிலத்திலும் பாதி ஜோடிகளுக்கு இந்த அளவுகோல் போதும் என்று நினைக்கிறேன். ஆஸ்க், ரிக்வெஸ்ட், டிமாண்ட் மூன்றையும் இப்படி வைத்துப் பாருங்கள். மேனேஜருக்கு எழுதும் மெயிலில் 'ஐ டிமாண்ட் எ நியூ ஹார்னஸ்' என்று, உயரத்தில் மாட்டும் பாதுகாப்பு வாரைக் கேட்டு ஒருவன் எழுதினான். ஹார்னஸ் வந்தது. கூடவே ஒரு மீட்டிங்கும் வந்தது.

மார்ச் 15
மேலே எழுதியதற்கு இரண்டு மறுப்பு வந்திருக்கிறது, இரண்டும் நல்ல மறுப்பு.

ஒன்று: "இப்போது தமிழில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? எனக்குக் கொடு என்றுதானே சொல்கிறோம்." ஆமாம், பேச்சில் கொடு எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஆனால் எங்கள் மலையாளி சூப்பர்வைசர் பேசும்போது கவனித்திருக்கிறேன், தனக்கும் எதிரில் நிற்பவருக்கும் 'தருக', மூன்றாவது ஆளுக்கு 'கொடுக்குக'. அவர் தொல்காப்பியம் படித்தவரில்லை. அவர் மொழி அந்தப் பிரிவைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. நம்மிடம் வா, போ மிச்சம் இருக்கிறது. கொண்டு வா, கொண்டு போ என்பதில் இன்றும் யாரும் தடுமாறுவதில்லை, அது போதும்.

இரண்டு: "அயர்லாந்துக்காரர்களும் டேக் வர வேண்டிய இடத்தில் ப்ரிங் சொல்கிறார்கள், அதை ஏன் சிங்கப்பூர்க் குறை மாதிரி எழுதுகிறீர்கள்?" குறை என்று நான் எழுதவில்லை. ஆனால் நியாயம், இதைத் தப்பு சரி என்று பிரிப்பதைவிட ஊர் வழக்கு, பொது வழக்கு என்று பிரிப்பதே சரி. அயர்லாந்துக்காரர் டப்ளினில் பேசட்டும். என் ரிப்போர்ட்டை எந்த ஊர்க்காரர் படிப்பார் என்று எனக்குத் தெரியாது, அதனால் பொது வழக்கு.

மார்ச் 20
ஆக்சிடென்ட், இன்சிடென்ட். இன்சிடென்ட் பெரிய குடை, நடந்தது எதுவானாலும் அதற்குள் அடங்கும். ஆக்சிடென்ட் அதற்குள் ஒரு பகுதி. கிரேன் சாய்ந்தது, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை என்றாலும் சட்டத்தில் அது 'டேஞ்சரஸ் அக்கரன்ஸ்', சொல்லியே ஆகவேண்டும். ஸ்பேனர் மேலிருந்து விழுந்து ஆளுக்கு அரை அடி தள்ளித் தரையில் பட்டால் 'நியர் மிஸ்'. 2020 செப்டம்பர் 1 முதல், வேலையிட விபத்தால் ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தாலும், லைட் டியூட்டி கொடுத்தாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக எந்தச் சொல் என்பதைப் பொறுத்து அன்று சாயங்காலம் யார் வீட்டுக்கு நேரத்தோடு போவார்கள் என்பது முடிவாகும்.

ஆக்சிடென்ட் என்ற சொல்லையே பிடிக்காதவர்கள் உண்டு. 'யார் மேலும் தப்பில்லை, விதி' என்கிற வாடை அதில் அடிக்கிறது என்பது அவர்கள் வாதம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001இல் அந்தச் சொல்லை விலக்குவதாக அறிவித்தது. பெரும்பாலான காயங்கள் முன்கூட்டியே ஊகிக்கவும் தடுக்கவும் கூடியவை என்பது காரணம். எனக்கு அரை மனசு. விபத்து என்று நாம் சொல்லும்போது குற்றவாளி இல்லை என்றா சொல்கிறோம்? குடித்துவிட்டு ஓட்டி இடித்தாலும் விபத்துதான். சொல்லை மாற்றி எழுதிவிட்டு பிளைவுட்டில் ஆணி அடிக்காமல் போகிறவர்களையும் நான் பார்த்துவிட்டேன்.

மார்ச் 21
"ப்ளீஸ் ரிவர்ட் என்றால் பதில் போடு என்றுதானே?" இங்கேயும் இந்தியாவிலும் மலேசியாவிலும் ஆமாம். லண்டனில் படித்தால் 'பழைய நிலைக்குத் திரும்பு'. ரிப்ளை என்று எழுதுங்கள், இரண்டு இடத்திலும் பதில் வரும்.

மார்ச் 26
வூண்ட், இன்ஜுரி பற்றிக் கேட்டவருக்கு. வினையாக வந்தால் வித்தியாசம் கூர்மை. கத்தி, துப்பாக்கி, சண்டை என்றால் வூண்டட். படியில் விழுந்தால், வண்டி மோதினால் இன்ஜுர்ட். 'த்ரீ ஒர்க்கர்ஸ் வேர் வூண்டட்' என்று எழுதினால் டார்மிட்டரியில் கலவரம் என்று நினைத்துவிடுவார்கள். பெயராக வந்தால் கோடு மங்கிவிடும். தகடு கிழித்த வெட்டுக்காயத்தை முதலுதவிக்காரர் வூண்ட் என்றுதான் சொல்வார், 'க்ளீன் த வூண்ட்'. எலும்பு முறிவு தோல் கிழியாமல் உள்ளே நடந்தால் அது இன்ஜுரி, வூண்ட் ஆகாது. ஹர்ட் வீட்டுச் சொல், மனசுக்கும் பொருந்தும். ஆனால் தண்டனைச் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு, அங்கே அது வீட்டுச் சொல் இல்லை.

மார்ச் 27
தண்டனைச் சட்டம் என்றதும் ஒருவர்: "எங்க சைட்ல காப்பர் கேபிள் போச்சு. வீ வேர் ராப்ட்னு எழுதலாமா?" ராத்திரி யாருக்கும் தெரியாமல் சுருட்டிக்கொண்டு போனால் தெஃப்ட். மிரட்டியோ அடித்தோ பிடுங்கினால்தான் ராபரி. கேபிளை ஸ்டீல் பண்ணுவார்கள், ஆளை ராப் பண்ணுவார்கள். பின்னால் வருவது பொருளா ஆளா என்று பாருங்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பிடுங்கினால் இங்கே 'கேங் ராபரி'. இந்தியாவின் 1860 சட்டத்தில் அதே குற்றத்தின் பெயர் 'டெகாய்ட்டி', வடக்கத்தி டகாயத். நம் சட்டம் அங்கிருந்து வந்ததுதான், வரும்போது கொள்ளைக்காரன் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது.

ஏப்ரல் 2
முதலில் கேட்ட தம்பி மறுபடி: ஷல், மஸ்ட், ஷுட், மே.

ஸ்டாண்டர்ட் ஏடுகளில் ஷல் என்றால் செய்தே ஆகவேண்டும். ஷுட் என்றால் செய்வது நல்லது என்ற பரிந்துரை. மே என்றால் அனுமதி. கேன் என்றால் முடியும், அவ்வளவே. சிங்கப்பூர்ச் சட்டங்களில் ஷல் இருந்த பல இடங்களில் இப்போது மஸ்ட் நிற்கிறது. 2021 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்த திருத்திய பதிப்பில் மாற்றினார்கள், பொருள் ஒன்றே. டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஷுட்டை நான் வாயிலெடுப்பதில்லை. 'யூ ஷுட் ஹுக் யுவர் ஹார்னஸ்' என்றால் நம் பையன்களுக்கு 'மாட்டினால் நல்லது' என்று விழும். மஸ்ட் என்றுதான் சொல்வேன், தமிழில் இன்னும் சுருக்கமாக, "மாட்டிட்டு ஏறு."